அசேலியாவுக்கு மூன்று பிடி மண்

கப்பலுக்குப் போன மனுசன் ஊர் திரும்பினால் என்ன கொண்டு வருவான்? டேப் ரிக்கார்டர் கொண்டு வருவான். வழுவழுவென்று ஜப்பான் சேலை கொண்டு வருவான். அத்தர், சோப்பு, தைலக் குப்பி என்று பெட்டி நிறையக் கொண்டு வருவான். தெருவே வந்து சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். பாக்கர் கொண்டு வந்தது ஒரு செடி. 1981 மார்கழியில், ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவிலுள்ள அந்தக் கடலோரத் தெருவில் வாடகைக் காரை விட்டு இறங்கியவர், மடியிலிருந்த மரப்பெட்டியைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். பெட்டிக்குள் ஒரு தட்டையான சட்டி. சட்டிக்குள் முழ உயரம்கூட இல்லாத ஒரு மரம்.

செடி என்று சொல்வதும் தப்புதான். அடிமரம் முறுக்கேறி, கிளை பிரிந்து, பெரிய மரத்துக்கு உள்ள லட்சணம் எல்லாம் இருந்தது. உயரம் மட்டும்தான் இல்லை. அவர் பெண்டாட்டி காலிதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"இது என்ன மச்சான்?"

"அசேலியா. இதுக்கு என் வயசு இருக்குமாம்."

"அதான பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல வளத்தி நின்னு போச்சாக்கும்."

பாக்கர் குள்ளம். கூடியிருந்த பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலிதாவின் வாய் அப்படி. அசேலியா என்ற பேர் அவள் நாக்கில் ஒரே நாளில் ஆசியா ஆனது. "ஆசியாவைக் கூட்டியாந்து நடுவீட்டுல வச்சுருக்காக. சக்களத்தி இல்லாம இருந்தேன், அதுவும் வந்துருச்சு," என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்புக்குள் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. அடுத்த வீட்டுக் கப்பல்காரர் பொஞ்சாதி புதுச் சேலை சரசரக்க நடந்தால் யாருக்குத்தான் இருக்காது?

ஆனாலும் ஒரு நாள் கேட்டாள், எதுக்கு மச்சான் இதைப் போய் வாங்குனீக என்று. பாக்கர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். "மாசக்கணக்கா தண்ணியத் தவிர ஒண்ணும் கண்ணுல படாது காலிதா," என்றார். "ஜப்பான்ல, கோபேயில இறங்குன அன்னிக்கு ஒரு கடை வாசல்ல இது பூத்து நின்னுச்சு. காலு அங்கன இருந்து நகர மாட்டேன்னுருச்சு." அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஒரு வழக்கம். வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். காலிதாவின் வாப்பா தன் இரண்டு மகள்களுக்கும் சுவரை ஒட்டினாற்போல் இரண்டு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். ஒன்றில் காலிதா, அடுத்ததில் தங்கை மலிகா. எழுபத்தாறில் நிக்காஹ் முடிந்து பாக்கர் அந்த வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு தகரப்பெட்டி. அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல அந்தத் தகரப்பெட்டியும், இப்போது இந்தச் சட்டியும், அவ்வளவுதான்.

அடுத்த பயணத்தில் கப்பலில் கொதிக்கிற எண்ணெய் இடது கையில் கொட்டியது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிப் போயின. பண்டாரி வேலைக்கு, கப்பல் சமையலுக்கு, இனி ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். ஊரோடு வந்து பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு இருபத்துச் சொச்சம் வருஷம், கடை உண்டு, தொழுகை உண்டு, ஆசியா உண்டு.

மலைக்குளிரில் வளர வேண்டிய மரத்தை இந்த உப்புக் காற்றில் வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா? கிணற்றுத் தண்ணீர் அதற்கு ஆகாது. அங்கே எந்தக் கிணற்றை இறைத்தாலும் உப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடியில் விழுகிற மழைத்தண்ணீரைக் குழாய் வைத்து முற்றத்துத் தொட்டிக்கு இறக்கி, துணி கட்டி மூடிவைத்து, வருஷம் பூராவும் அதிலிருந்துதான் கொடுப்பார். குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு அலைகிற ஊர். காலிதா சும்மா இருப்பாளா?

"எங்களுக்கு ஊத்துத் தண்ணி, ஆசியாவுக்கு மழைத் தண்ணியா? நடக்கட்டும், நடக்கட்டும்."

"நான் ஒரு கிளாஸ் கம்மியாக் குடிச்சுக்கிறேன் காலிதா. அது வாயில்லாச் சீவன்."

"எனக்கு வாய் இருக்குறதுதான் குத்தமாப் போச்சாக்கும்."

மண்ணும் உள்ளூர் மண் ஆகாது. உச்சிப்புளிக்காரன் சோணைமுத்து கருவாட்டு லாரி ஓட்டுகிறவன். மலை அடிவாரம் வரை கருவாடு ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பும்போது, பாக்கருக்கென்று ஒரு சாக்கில் மலைக்காட்டுச் செம்மண்ணும் மக்கின இலையும் அள்ளிப்போட்டுக்கொண்டு வருவான். பாக்கரை அண்ணே என்பான். காலிதாவை அக்கா என்பான். "ஊருல எல்லாரும் லாரியில பொன்னு, பொருள் கடத்துறான். நான் மண்ணு கடத்துறேன்," என்று சொல்லிக்கொண்டே சாக்கை இறக்குவான்.

ஒரு தடவை சண்டை வந்தது. அந்தச் சண்டையைக் காலிதா சாகும்வரை மறக்கமாட்டாள். பெருநாளுக்காக வீடு முழுக்கச் சுண்ணாம்படித்துவிட்டுப் பார்த்தால், முற்றத்தில் அந்தச் சட்டி மட்டும் கறுப்பாக, அழுக்காகத் தெரிந்தது. அழகு பார்க்கலாம் என்று கடற்கரையிலிருந்து வெள்ளை வெளேரென்று சிப்பி மணலை அள்ளிவந்து மரத்தைச் சுற்றிப் பரப்பிவிட்டாள். பாக்கருக்கும் முதலில் அது மேல்பூச்சாகத்தான் பட்டது. பெருநாள் முடியட்டும் என்று விட்டுவிட்டார். தினமும் ஊற்றுகிற தண்ணீரோடு அது உள்ளே இறங்கியது. இலை மஞ்சளித்தது, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அப்போதுதான் மனுசர் ஒரே ஒரு முறை குரலை உயர்த்தினார். "கடல் மண்ணு பூரா சுண்ணாம்பும் உப்பும். இதுக்கு அது விஷம்! தெரியாமப் பண்ணலாமா?" என்று கத்தினார். காலிதாவுக்கு ஆங்காரம் வந்துவிட்டது.

"என் வீட்டுக்குள்ள உங்க செடிக்கு எடம் குடுத்துருக்கேன்ல, அதுவே பெருசு."

பாக்கர் ஒரு பேசினில் மழைத்தண்ணீரை ஊற்றி, மரத்தைச் சட்டியிலிருந்து எடுத்து, வேரிலிருந்த மண் அத்தனையையும் தண்ணீருக்குள் அலசி அலசிக் கழுவினார். வெறும் வேரோடு நின்றது மரம். மறுபடி புது மலைமண்ணில் வைத்தார். நெடுநாள் செத்ததுபோல நின்று, ஒரு வழியாகத் துளிர்த்தது. மரம் பிழைத்துக்கொண்டது, அவள் சொன்ன சொல்லும் அப்படியே கிடந்தது. அதற்காக அவள் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாறுதல் மட்டும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, பூ முடிந்ததும் மரத்தை எடுத்து, வேரை நறுக்கி, மண்ணை மாற்ற வேண்டும். ஒட்டின விரல்களை வைத்துக்கொண்டு பாக்கர் ஒண்டியாக அல்லாடுவார். காலிதா ஒரு நாள் அடுப்படியிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பிடிக்கிறேன், நீங்க வெட்டுங்க."

"தலையப் பிடி. மெதுவா."

"யாரு தலைய?"

"ஆசியா தலைய."

"உங்க தலையப் பிடிக்கச் சொன்னா இன்னும் சந்தோசமாப் பிடிப்பேன்."

அன்றிலிருந்து அது இரண்டு பேர் வேலை ஆனது. அவள் அடிமரத்தைப் பிடித்துக்கொள்வாள். அவர் ஒரு குச்சியால் வேரைக் கோதிவிடுவார். தலைமுடிபோல அவ்வளவு மெல்லிய வேர். மூன்றில் ஒரு பங்கை நறுக்கிப் போடுவார். சட்டியின் ஓட்டையில் பழைய மீன்வலைத் துண்டு, அதன் மேல் கரித்துண்டு, அதன் மேல் மலைமண். மண்ணைக் குச்சியால் குத்திக் குத்தி வேருக்கிடையில் இறக்குவார், ஒரு இடத்திலும் பொந்து இருக்கக்கூடாது. அவள் வாயும் சும்மா இருக்காது, கையும் அசையாது. மற்ற நாளெல்லாம் கடை, கணக்கு, மகன் சதக்கின் படிப்பு என்று ஓடுகிற மனுசன், அந்த ஒரு காலைப்பொழுது முழுக்க அவளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அதற்காகவே காலிதா அந்த நாளை எதிர்பார்க்கத் தொடங்கினாள். வெளியே சொல்வாளா? மூச்சு விடமாட்டாள்.

பூ எல்லா வருஷமும் வராது. மார்கழிப் பனி நன்றாக இறங்கின வருஷம் மாசியில் நாலு பூ பூக்கும்; இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ரோஸ் என்றும் சொல்ல முடியாது, கத்தரிப்பூ நிறம் என்றும் சொல்ல முடியாது. பாக்கர் கடைக்குப் போன பிறகு காலிதா தனியாகப் போய்க் குனிந்து பார்ப்பாள். "ம், அழகிதான்," என்று அதனிடம் மட்டும் சொல்லிவிட்டு வருவாள்.

2006 தை மாதம். கடையை அப்போது சதக் பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கர் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, தொட்டியில் ஒரு குவளை மொண்டுகொண்டு முற்றத்துக்குப் போனார். மரத்தில் அந்த வருஷம் மொட்டு நிறைய. "காலிதா, இந்தத் தடவ பாரு, சும்மா பொரிஞ்சு தள்ளப் போகுது. பூ முடியவும் மண்ணு மாத்தணும்," என்று குரல் கொடுத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குவளை உருண்டு கிடந்தது. கூப்பிட்டாள், உலுக்கினாள். சதக் ஓடிவந்து டாக்டரைக் கூட்டி வந்தபோது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

காலிதா அழவில்லை. அடக்கத்துக்கு மையத்தை எடுக்கும்போதும் அழவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "கல் நெஞ்சுக்காரி" என்றார்கள். "அழுதுரு லாத்தா, அழுதுரு," என்று மலிகா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். வரவில்லையே, என்ன செய்வாள்?

அடக்கம் முடிந்து சதக் வீட்டுக்கு வந்தான். அவன் நகக்கண்ணில் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. காலிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. குழிக்குள் இறக்கியதும் வந்த ஆண்கள் எல்லாரும் ஆளுக்கு மூன்று பிடி மண் தள்ளுவார்கள்.

"எல்லாரும் மண்ணு தள்ளுனாகளா?"

"தள்ளுனாக உம்மா. சோணைமுத்து மாமாகூட லாரிய நிறுத்திட்டு ஓடியாந்து மூணு பிடி தள்ளுனாக. அழுத அழுக இருக்கே..."

அவள் தலையை ஆட்டினாள். கருவாட்டு லாரி ஓட்டுகிறவன் மூன்று பிடி போட்டிருக்கிறான். பஸ்ஸுக்கு நின்றவன், பீடி வாங்க வந்தவன், பேர் தெரியாதவன் எல்லாம் போட்டிருக்கிறான். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் ஒரு பிடி போடவில்லை. அது அவளுக்குள் முள்ளாகக் குத்தி நின்றது.

இத்தா இருந்தாள். புருசனை இழந்தவள் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள். வீட்டை விட்டு இறங்கக்கூடாது. அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. மாசியில் அந்தப் பாவி மகள் ஆசியா பூத்தாள். இலை தெரியாமல் பூத்தாள். இத்தனை வருஷத்தில் அப்படிப் பூத்ததே கிடையாது. காலிதா முற்றத்தில் அதன் முன்னால் உட்கார்ந்து, "இத அவுக பாக்கலையேடி, இத அவுக பாக்கலையே," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தினமும் அஸர் முடிந்ததும் தொட்டித் தண்ணீரில் ஒரு குவளை கொடுத்தாள். கிளாஸ் கழுவின தண்ணீரைக்கூட அதன் பக்கம் தெறிக்க விடவில்லை. இந்த மரம் ஒன்றையாவது பிழைக்க வைத்துவிட வேண்டும். அந்த வீட்டில் அவர் வளர்த்து விட்டுப்போன உயிர் என்று மகனுக்கு அடுத்தபடி அதுதானே இருக்கிறது?

பங்குனியில் பூ உதிர்ந்தது. மண் மாற்ற வேண்டும் என்று அவர் வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சோணைமுத்துவும் மறக்காமல் சாக்கோடு வந்து வாசலில் நின்றான். அவன் உள்ளே வரமுடியாது. மலிகாதான் கதவை ஒருக்களித்து நின்று வாங்கினாள்.

"அக்காட்டச் சொல்லுங்க. அவசரமில்ல, இத்தா முடியட்டும், நானும் வந்து ஒரு கை பிடிக்கிறேன். இப்பவே பண்ணித்தான் ஆகணும்னா இந்த மண்ணு மட்டும் போதும். வேற எதையும் கலந்துறாம."

உள்ளேயிருந்த காலிதாவுக்கு அது நன்றாகக் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்பின மகனைக் கூப்பிட்டாள். "ஏலே சதக்கு, மையவாடியில வாப்பாவுக்கு யாசீன் ஓதிட்டு வரும்போது, அவுக மேல கிடக்குற மண்ணுல மூணு பிடி அள்ளிக்கிட்டு வா."

"எதுக்கு உம்மா?"

"கேக்காத."

"அதெல்லாம் கூடாது லாத்தா. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குத் தெரிஞ்சா ஏசுவாக," என்றாள் மலிகா.

"ஹஜ்ரத்து எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல வர வேண்டாம்."

சதக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தான். மையவாடி கடலை ஒட்டியே இருக்கிறது. மண் என்றால் என்ன மண்? அதே வெள்ளை மணல்தான், அதே சிப்பித் தூள்தான்.

தெரியாதா காலிதாவுக்கு? நன்றாகத் தெரியும். கடல் மண் விஷம் என்று அவர் கத்தின கத்தல் அவள் காதிலேயே இருந்தது. ஆனால் அவள் மனசு வேறு மாதிரி ஓடியது. இது கடற்கரையில் கிடந்த மண்ணா? அவர் மேல் கிடந்த மண். பச்சைப் பிள்ளைபோல வளர்த்த மனுசன் மேல் கிடந்த மண், அவர் வளர்த்த மரத்தையா கெடுக்கும்? அவரும் மரமும் ஒன்றாக இருக்கட்டும். அவளும் மூன்று பிடி போட்டதாக ஆகட்டும். மனசு ஒன்றை நினைத்துவிட்டால் அறிவு வாசலுக்கு வெளியே நிற்கவேண்டியதுதான்.

காலையில் முற்றத்தில் கோணிச்சாக்கை விரித்து உட்கார்ந்தாள். எதிரே ஆள் இல்லை. இடது கையால் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வேரைக் கோதினாள், நறுக்கினாள். வலைத் துண்டு வைத்தாள், கரி போட்டாள், மலைமண் போட்டாள். மரத்தை நிறுத்தினாள். பிறகு கைக்குட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு பிடிக்கும் ஓத வேண்டியதை மெதுவாக ஓதி, வேரின் மேல் ஒரு பிடி, இரண்டு பிடி, மூன்று பிடி போட்டாள். குச்சியால் குத்தி, பொந்து இல்லாமல் இறக்கினாள். தை மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

கொஞ்ச நாள் நன்றாகவே இருந்தது. சின்னதாகத் துளிர்கூட விட்டது. "பாத்தியாடி மலிகா," என்றாள். சித்திரை பிறந்ததும் துளிர் மஞ்சளித்தது. நரம்பு மட்டும் பச்சை. காலிதா பார்த்ததும் கண்டுகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சதக்தான் கடையில் பேச்சுவாக்கில் சோணைமுத்துவிடம் சொல்லியிருக்கிறான். அவன் லாரியை ரோட்டிலேயே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"அக்கா, வேற எந்த மண்ணும் சேத்தீகளா?" என்று வாசலிலிருந்தே கேட்டான்.

மலிகா காலிதாவைப் பார்த்தாள். காலிதா தரையைப் பார்த்தாள்.

"சரி, என்னமோ இருக்கட்டும். அண்ணன் முன்னால ஒருக்கா மண்ணப் பூரா அலசித்தானே பொழைக்க வச்சாக? இப்பயும் அலசி எடுத்தாப் பொழைச்சுக்கிரும். அக்கினி வெயிலு வாரதுக்குள்ள பண்ணிருங்க அக்கா. தள்ளிப் போட்டுறாதீக."

அவன் போனதும் காலிதா பேசினில் மழைத்தண்ணீர் ஊற்றினாள். மரத்தைத் தூக்கினாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அலசினால் அந்த மூன்று பிடியும் தண்ணீரோடு போகும். அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது? சாக்கடைக்கா? அவர் மேல் கிடந்த மண்ணைத் தன் கையாலேயே கழுவிச் சாக்கடையில் ஊற்றுவதா? கை வரவில்லை. சட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டாள்.

மறுநாளும் பேசினை எடுத்தாள், வைத்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. "மண்ணா, மரமா, ஒரு முடிவுக்கு வா லாத்தா," என்று மலிகா சலித்துக்கொண்டாள். "உனக்கு என்னடி தெரியும்?" என்று அவள் மேல் சீறி விழுந்தாள் காலிதா. அக்கினி நட்சத்திரம் பிறந்தது. மேல்காற்று முற்றத்துக்குள் சுழன்று இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்தது. தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பெருக்கினாள்.

கடைசியில் ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். அவருக்குப் பிரியமானது மண் இல்லை, மரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "மச்சான், ஏசாதீக," என்று சொல்லிவிட்டுப் பேசினில் தண்ணீர் ஊற்றி, அடிமரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கினாள். மரம் மட்டும் கையோடு வந்தது. வேர் கறுத்து அழுகிச் சட்டியிலேயே நின்றுவிட்டது. மீதி ஒட்டியிருந்ததும் தண்ணீர் பட்டவுடன் கழன்று விழுந்தது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள். பச்சை இல்லை. கொம்புக்குக் கொம்பு கீறினாள். எங்கேயும் இல்லை.

முதல் நாளே அலசியிருந்தால் பிழைத்திருக்கும். அது அவளுக்குத் தெரிந்தது. மரத்தைத் திரும்பச் சட்டியில் நிறுத்திவைத்தாள். பேசின் தண்ணீரையும் அந்தச் சட்டியிலேயே ஊற்றினாள், ஒரு சொட்டுக் கீழே விடாமல்.

வைகாசியில் இத்தா முடிந்தது. குளித்தாள், வேறு சேலை கட்டினாள், உறவுக்காரர்கள் வந்து போனார்கள். எல்லாரும் போனபின் மகனைக் கூப்பிட்டு, சட்டியைக் காட்டினாள். "இதக் கொண்டு போயி வாப்பா கிட்டயே கொட்டிட்டு வந்துருடா. அவுக மண்ணு அவுககிட்டயே போகட்டும்." சதக் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு போனான். அவள் வாசல்வரை வந்தாள். இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம். அங்கே மட்டும்தான் போகமுடியாது. கதவைப் பிடித்துக்கொண்டு, அவன் தெருமுனை திரும்பும்வரை நின்றாள்.

வெயில் தாழ்ந்து அவன் வெறும் சட்டியோடு திரும்பி வந்தான்.

"கொட்டிட்டியா?"

"கொட்டிட்டேன் உம்மா. மரத்தையும் அவுக தலமாட்டுல ஊண்டி வச்சுட்டு வந்தேன். தூக்கிப் போட மனசு வரல."

"தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன். ஒரு வாளி நெறைய."

"எந்தத் தண்ணி?"

"அங்கன உள்ள கிணத்துத் தண்ணிதான்."

"உப்புத் தண்ணியாடா ஊத்துன?"

"செத்த மரந்தானே உம்மா. எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

காலிதா முற்றத்துக்குப் போய்த் தொட்டியின் மூடுதுணியை அவிழ்த்தாள். கார்த்திகை மழையில் அவர் பிடித்துவைத்த தண்ணீர், தெளிந்து, பாதித் தொட்டிக்கு நின்றது. அடுத்த ஐப்பசி வரைக்கும் வரவேண்டும் என்று கணக்குப் பார்த்துப் பிடித்திருந்தார். குவளையை எடுத்து ஒன்று மொண்டாள். மொண்டவளுக்கு அதை எங்கே ஊற்றுவதென்று தெரியவில்லை.

"யாருக்குடா சேத்து வச்சுட்டுப் போயிருக்காக?" என்றாள். "இம்புட்டுத் தண்ணியையும் நான் யாருக்குடா ஊத்துவேன்?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மச்சான், மச்சான் என்று அவள் கத்தின கத்தலில் மலிகா அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்தாள். காலிதா தொட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். நிரம்பின குவளை கையிலேயே இருந்தது.